கழுத்துக்குக் கீழே

ஆறாயிரம் ரூபாய்க் கடன்.
ஐஸ் கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போன மாதம்,
தம்பிக்கு ஃபீஸ் கட்ட.
கைக்கு வந்தது மூவாயிரத்து அறுநூறு.
ஏழாம் நாள் ஆறாயிரமும் கேட்டது ஆப்.
கட்டினேன். மறுபடி கேட்டது.
மறுபடி கட்டினேன்.
மூன்றாம் முறை ஒரு மனிதக் குரல் பேசியது.
"அக்கா" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தது.

படம் முதலில் முதலாளிக்குப் போனது.
பிறகு பங்குச் சாமியாருக்கு,
சிலிண்டர் போடும் பையனுக்கு,
வலை கட்டும் இன்னாசி மாமாவுக்கு,
எப்போதோ பதிந்து மறந்துபோன
வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு.
இருநூற்றுப் பதினான்கு பேர்.
யார் யார் திறந்து பார்த்தார்கள்,
ஒருவரும் சொல்லவில்லை.
காசிமேட்டில் ஏலக் கூச்சலுக்கு நடுவே
நான் கடக்கும்போது மட்டும்
எல்லோருக்கும் தராசில் வேலை இருந்தது.

மூன்று நாள் வெறும் சி.எஸ்.ஆர். ரசீது.
நாலாம் நாள்,
"பிரிண்ட் எடுத்துட்டு வாங்க."
ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ் கடை.
கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை.
வெளியே நழுவிய ஒவ்வொரு தாளையும்
சூடு ஆறுமுன் குப்புறத் திருப்பி வைத்தார்.
அஞ்சு தாள்.
"இருபத்தஞ்சு ரூபாய்" என்றார்
என் செருப்பைப் பார்த்து.

ஏட்டம்மா வேதவல்லி எழுதுகிறார்.
நான் வாதி. அவன் எதிரி.
எதிரி: பெயர், விலாசம் தெரியாதவர்.
ஊரில் எனக்கு எதிரி என்று யாரும் இருந்ததில்லை.
வாய்த்த முதல் எதிரிக்கு முகமில்லை,
என் முகம்தான் இருக்கிறது அவனிடம்.

முந்நூற்று எண்பத்து நாலு என்று
பழக்கத்தில் எழுதி, அடித்து,
முந்நூற்று எட்டு என்றார்.
ஐநூற்றாறை அடித்து முந்நூற்று ஐம்பத்தொன்று.
"புதுச் சட்டம்மா. நம்பர்தான் மாறிச்சு,
மெரட்டுறவன் அவனேதான்."
ஐ.டி. ஆக்ட் அறுபத்தேழு ஏ மட்டும்
அடித்தல் இல்லாமல் விழுந்தது தாளில்.

போனைக் கொடுக்க வேண்டுமாம், அதுதான் சான்று.
கவரில் போட்டார்கள்.
அரக்கு உருகும்வரை
உள்ளே அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

"இது நீங்களா?"
"முகம் மட்டும் மேடம்."
கடன் வேண்டுமென்றால் கண் சிமிட்டு என்றது ஆப்.
சிமிட்டிய முகம் அது.
"கழுத்துக்குக் கீழ?"
"தெரியாது மேடம்."

அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.
அதுவரை என்னை மட்டுமே பார்த்திருந்தேன்.
இடது தோளில் தடுப்பூசித் தழும்பு,
எனக்கிருக்கும் அதே இடத்தில்.
பாதி உரிந்த நகப்பூச்சு.
வலது முழங்காலில் ஒரு சிராய்ப்பு,
இன்னும் பொருக்கு உதிராதது.
எங்கேயோ விழுந்திருக்கிறாள்.
வண்டியிலிருந்தா, படியிலிருந்தா,
யாராவது தள்ளினார்களா.

"இவளையும் எழுதுங்க மேடம்."
ஏட்டம்மா பேனாவை வைத்தார்.
"பேரு?"
தெரியாது.
"ஊரு?"
மின்விசிறி தாள்களைக் கிளப்பியது,
ஸ்டாம்ப் பேடை எடுத்து மேலே வைத்தார்.
"அவளே வந்து குடுக்கணும்மா.
இல்லன்னா ஃபார்ம்ல அதுக்குக் காலம் இல்ல."
கொஞ்ச நேரம் கழித்து, தனக்குள்,
"எந்த ஊரு ஸ்டேஷன்ல நிக்கிறாளோ" என்றார்.
அந்த வரியை எழுதவில்லை.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.
ஜெசிந்தா, த/பெ சூசை என்று
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
வெளியே ஒரு கன்டெய்னர் லாரி
திரும்ப முடியாமல் தெருவை அடைத்து நின்றது.

ராத்திரி தம்பியின் பழைய பட்டன் போனில்
முதலாளி கூப்பிட்டார்.
"நாலு மணிக்கு லோடு இருக்கு. வர்றியா?"
படத்தைப் பற்றிப் பேசவில்லை.
வர்றேன் என்றேன்.

குளிக்கும்போது வலது முழங்காலைப் பார்த்தேன்.
சிராய்ப்பு இல்லை.
இருந்தும் அந்த இடத்தில்
சோப்பு போடவில்லை.